படம் வருவதற்கு முன் விழுந்த நட்சத்திரம்

14 மார்ச் 2025, வெள்ளி

இன்றைய தவறு: படம் வருவதற்கு முன்பே ஒரு வேலையை முடிந்ததாக அழுத்திவிட்டேன். செந்தூல், பி புளோக், இரண்டாம் மின்தூக்கி. சிறு தவறுதான். லோகன் அண்ணன் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

நாளைய வேலை: துணி துவைப்பது. அம்மாவின் கண் மருத்துவமனை அட்டையைத் தேடி எடுப்பது.

கிள்ளானுக்குப் போகும் கொமுட்டர் ரயிலில், மடியில் பையை வைத்து அதன்மேல் நோட்டை வைத்து, குமுதா இதை எழுதினாள். 'சிறு' என்ற சொல் முதலில் அங்கே இல்லை. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது தவறு தனியாக நிற்பது மாதிரி தெரிந்தது. மேலே ஓர் அம்புக்குறி போட்டு அந்தச் சொல்லைச் சேர்த்தாள். சேர்த்த பிறகும் திருப்தி இல்லை. எதை எழுதினாலும் அவளுக்கு அப்படித்தான்.

நோட்டுப் பழக்கம் மாலை வகுப்பில் வந்தது. வாரத்தில் மூன்று நாள், வேலை முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸிலேயே மேற்பார்வையாளர் டிப்ளோமா படிக்கிறாள். தினமும் வேலையிடத்தில் செய்த ஒரு தவறையும் மறுநாள் செய்யவேண்டிய வேலையையும் எழுதவேண்டும் என்பது அங்கே ஒரு பயிற்சி. மற்ற மாணவர்கள் ஒப்படைக்கும் நாளுக்கு முந்தின மாலை உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதினார்கள். குமுதா மட்டும் ஒருநாள் விடாமல் எழுதினாள். தமிழில் எழுதிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்வாள்.

அவள் வேலை செய்வது மின்தூக்கிப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில். 'லிஃப்ட் நின்றுவிட்டது' என்று வரும் அழைப்புகளை வாங்கி, எந்த டெக்னீஷியன் எங்கே போகவேண்டும் என்று அனுப்புவது அவள் மேசையின் வேலை. டெக்னீஷியன் சரிசெய்துவிட்டு, கதவு திறந்து விளக்கு எரிவதைப் படம் எடுத்து அனுப்பவேண்டும். படத்தைப் பார்த்த பிறகு அவள் திரையில் 'சியாப்' என்ற பொத்தானை அழுத்துவாள். மலாயில் அதற்கு 'முடிந்தது' என்று பொருள்.

போன ஆண்டு வரைக்கும் கதை அத்தோடு முடிந்தது. பிறகு தலைமையகம் 'பிந்தாங்' என்று ஒரு செயலியைக் கொண்டுவந்தது. பிந்தாங் என்றால் நட்சத்திரம். சியாப் அழுத்திய அந்த நொடியிலேயே டெக்னீஷியனுக்கு ஒரு நட்சத்திரம், அழுத்தியவருக்கு ஒரு நட்சத்திரம். கைப்பேசியில் ஒரு சின்ன மணிச் சத்தம். சுவரில் மாட்டியிருக்கும் தொலைக்காட்சியில் பெயர் வந்து, அதன்மேல் வண்ணக் காகிதங்கள் கொட்டும். புகார் கொடுத்தவருக்கும் உடனே ஒரு குறுஞ்செய்தி போகும்: உங்கள் மின்தூக்கி சரிசெய்யப்பட்டது, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

இரண்டு ஆண்டுகளாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தும், அதற்கு முன் குமுதாவுக்கு யாரும் 'நன்றி' சொன்னதில்லை. அழைப்பவர்கள் திட்டுவார்கள்; சரியானதும் மறந்துவிடுவார்கள். முதல் முறை மணி ஒலித்தபோது, யாருக்கோ வந்தது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். தனக்குத்தான் என்று தெரிந்ததும் காது மடல் சூடாகிப் போனது. இப்போது மணி ஒலிக்காமல் அரை மணி நேரம் போனால், கைப்பேசி செத்துவிட்டதோ என்று எடுத்துப் பார்க்கிறாள்.

இதைத் தவிர, ஊழியர் ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஒரு நட்சத்திரத்தைத் தமக்குப் பிடித்த சக ஊழியருக்குக் கொடுக்கலாம். ஒருவரிக் காரணம் எழுதினால் போதும். இந்த நட்சத்திரத்துக்குத்தான் டெக்னீஷியன் லோகன் 'மொய்' என்று பெயர் வைத்தான். நீ எனக்கு வைத்தால் நான் உனக்குத் திருப்பி வைக்கவேண்டும். அலுவலகத்தில் இருந்த தமிழர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள், சிரித்துக்கொண்டே அதன் சட்டத்தையும் எடுத்துக்கொண்டார்கள். யார் வைத்தது, யார் இன்னும் திருப்பவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். வாங்கிக்கொண்டு திருப்பாதவரோடு சாப்பாட்டு நேரத்தில் யாரும் ஒன்றாக உட்காரமாட்டார்கள்.

குமுதாவுக்கு இது சொல்லித்தரவேண்டிய விஷயமில்லை. பெரியம்மா மகன் கல்யாணத்தில் கிள்ளான் மண்டபத்தில் மொய் எழுத அவளைத்தான் உட்கார வைத்தார்கள். கணக்கில் பிசகாத பெண் என்று பெயர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை லோகன் அவளுக்கு ஒரு நட்சத்திரம் வைத்தான். காரணம்: 'திட்டு வாங்கியும் சிரிச்ச முகம்.' வெள்ளிக்கிழமை வரை அவள் அதைத் திருப்பவில்லை. அவளுடைய அந்த வார நட்சத்திரம் ஏற்கெனவே வேறொருவருக்குப் போய்விட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை ஐந்து மணி வாக்கில் மாதவி என்ற பெண் செந்தூல் அடுக்குமாடியிலிருந்த தன் அம்மாவுக்காகக் கூப்பிட்டாள். சுபாங் ஜெயாவில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாளாம். முதல் மின்தூக்கி மோட்டார் இல்லாமல் வாரக்கணக்காக நிற்கிறது, இரண்டாவதும் இப்போது நின்றுவிட்டது, அம்மா பதினோராவது மாடியில் இருக்கிறார், காலையில் டயாலிசிஸ். குமுதா பொறுமையாகக் கேட்டு, ஆறுதல் சொல்லி, வேலையை லோகனுக்கு அனுப்பினாள். லோகன் அப்போது செலாயாங் மொத்தச் சந்தைப் பக்கம் இன்னொரு வேலையை முடித்திருந்தான்.

ஆறு மணிக்கு அந்த வாரத்தின் கணக்கு மூடும். அதற்குச் சற்று முன் லோகன் கூப்பிட்டான்.

"குமு, ஜாலான் ஈப்போல மாட்டிக்கிட்டேன் லா. முன்னாடி லோரி, பின்னாடி லோரி. நாசி லெமாக் பொட்டலத்துல நெத்திலி மாதிரி நடுவுல கெடக்கேன்."

"எவ்ளோ நேரமாகும்ணே?"

"ஏழு, ஏழரை ஆயிடும். பாசார் ரமலான் கடைங்க வேற. எல்லாரும் நோன்பு தொறக்கப் பறக்கறாங்க."

"சரி, படம் அனுப்புங்க. வகுப்புல இருந்தே சியாப் போட்டுடறேன்."

"ஏழரைக்குப் போட்டா அடுத்த வாரக் கணக்கு குமு. கிஷன் மூணாவது இடத்துல நிக்கிறான். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் கொறையுது."

அவளுக்குத் தெரியும். முதல் மூன்று இடங்களில் வரும் ஒப்பந்த டெக்னீஷியன்களை அடுத்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நிரந்தரமாக்கப் போகிறார்கள். லோகனுடையது இரண்டாவது ஒப்பந்தம். மூன்றாவது ஒப்பந்தம் யாருக்கும் கொடுத்ததில்லை.

"படம் இல்லாம எப்படிண்ணே?"

"நான் போறேன்ல? போய்ட்டு லிஃப்டைப் பார்த்து கும்பிட்டுட்டா வரப் போறேன்? செவ்வாக்கெழமை மொய் வெச்சேன்ல, திருப்பி எழுது லா. கல்யாண வீட்டுக்காரனே வாசல்ல நின்னு கேக்கற மாதிரி ஆயிடுச்சு என் கதை."

குமுதா சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு மறுக்கமுடியவில்லை. அழுத்தினாள்.

மணி ஒலித்தது. தொலைக்காட்சியில் லோகன் பெயரும் அவள் பெயரும் ஒன்றாக வந்தன. வண்ணக் காகிதங்கள் கொட்டின. கண்ணாடி அறைக்குள்ளிருந்து கிளை நிர்வாகி உஷாராணி எழுந்து நின்று கை தட்டினார். சற்று நேரத்தில் இன்னொரு மணி. செந்தூல் வாடிக்கையாளர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். போய்ச் சேராத ஆளுக்கு எப்படி ஐந்து என்று ஒரு கணம் உறுத்தியது. ஆனால் அந்தக் கணத்துக்கு முன்பே அவள் சந்தோஷப்பட்டு முடித்திருந்தாள்.

வகுப்பு முடிந்து கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறும்போதும் படம் வரவில்லை. 'அண்ணே படம்?' என்று அனுப்பினாள். பதிலாக ஒரு கட்டைவிரல் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நோட்டை எடுத்தாள்.

திங்கட்கிழமை மாதவி நேரில் வந்தாள். மருந்துக்கடைச் சீருடையில், பெயர் அட்டையைக்கூடக் கழற்றாமல் முகப்பில் நின்றவளை உஷாராணி வெளியே வந்து எதிர்கொண்டார். குமுதாவின் மேசைக்கும் முகப்புக்கும் நடுவில் ஒரு தண்ணீர்க் குப்பிதான் இருந்தது.

"வெள்ளிக்கெழமை உங்க மெசேஜ் வந்துச்சு மேடம், லிஃப்ட் சரியாயிடுச்சுன்னு. எல்ஆர்டி ரயில்ல நின்னுக்கிட்டு வந்தேன்," என்றாள் மாதவி.

"வந்த ஒடனே அஞ்சு ஸ்டார் குடுத்திருக்கீங்க."

"குடுத்தேன்."

"லிஃப்ட் ஓடாம யாராச்சும் அஞ்சு குடுப்பாங்களா, சொல்லுங்க?"

மாதவி கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் கட்டிக்கொண்டாள். "நான் பார்க்கல மேடம். அப்பாடா, அம்மாவுக்கு இனி கவலையில்லன்னு அழுத்திட்டேன். வீட்டுக்கு வந்தப்ப எட்டு மணி. லிஃப்ட் நின்னுக்கிட்டிருந்துச்சு. சரி பண்ணி மறுபடியும் கெட்டுப் போச்சுன்னு நெனச்சேன்."

"அதுதான் நடந்திருக்கு. பழைய லிஃப்ட், அப்படித்தான் பண்ணும்."

"மறுநாள் காலைல கூப்பிட்டேன். ஒருத்தர் எடுத்தாரு. சிஸ்டத்துல சியாப்னு இருக்கு ஆன்டி, நல்லா அமுக்கிப் பாருங்கன்னாரு." குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்கு இருபத்தொம்பது வயசு. என்னைப் போய் ஆன்டின்னாரு."

சனிக்கிழமை வேலையில் இருந்தவன் குகன். அவன் தன் திரையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான்.

மீதியை மாதவி சீராகச் சொன்னாள், யாரிடமோ பலமுறை சொல்லிப் பழகியதுபோல. பக்கத்து வீட்டு வங்காளதேசப் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள். அம்மா ராஜம்மாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். ஆறாவது மாடித் திருப்பத்தில் நாற்காலிக் கால் வழுக்கியது. விழவில்லை, ஆனால் ஊசி போடும் கை கைப்பிடிக் கம்பியில் போய் இடித்தது. டயாலிசிஸ் நிலையத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள். கை வீங்கியிருந்தது, ஊசி ஏற்ற முடியவில்லை. மாலைக்குள் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. இப்போது மருத்துவமனையில் இருக்கிறார். கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள்.

"நான் சண்டைக்கு வரல மேடம். நானும் பார்க்காம அழுத்தினவதான். வியாழக்கெழமை சாயங்காலம் அம்மாவை வீட்டுக்கு அனுப்பறாங்க. அதுக்குள்ள, இப்படி ஓடி ஓடி நிக்காம இருக்க, புது சாமான் எதாவது போட்டுக் குடுப்பீங்களான்னு கேட்டுப் போகத்தான் வந்தேன்."

"புதுசா ஒரு கம்ப்ளேன் போட்டு வைங்க. ஆள் அனுப்பி ரீசெட் பண்ணச் சொல்றேன்," என்றார் உஷாராணி. கரிசனமாகத்தான் சொன்னார். அம்மாவுக்கு ஹார்லிக்ஸ் வாங்கிக்கொடுக்கச் சொல்லி ஐம்பது வெள்ளி நோட்டை மடித்துக் கையில் வைக்கவும் பார்த்தார். மாதவி வாங்கிக்கொள்ளவில்லை.

வெளியேறும் வழியில் அவள் குமுதாவின் மேசையருகே நின்றாள்.

"அன்னிக்கு போன் எடுத்தது நீங்கதானே? கொரல் ஞாபகம் இருக்கு. வேற யாரும் அவ்ளோ பொறுமையா பேசினதில்ல தங்கச்சி. உண்மையச் சொன்னா அந்த அஞ்சு ஸ்டார் லிஃப்டுக்கு இல்ல, உங்களுக்குக் குடுத்தது."

குமுதா ஏதோ சொல்ல வாய் திறந்தாள். "ஆன்டியைப் பார்த்துக்கோங்கக்கா" என்பதுதான் வெளியே வந்தது.

கதவு மூடியதும் உஷாராணி அவளை அறைக்குள் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் 'மாதத்தின் சிறந்த இணை' என்று குமுதாவையும் லோகனையும் மேடையேற்றப் போவதாகச் சொன்னார். கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே இந்தக் கிளைதான் முதலிடத்தில் நிற்கிறது. சேலை கட்டிக்கொண்டு வரச் சொன்னார். பிறகு கணினியைப் பார்த்தபடியே, "அந்தச் செந்தூல் படம் அப்லோட் ஆகலை போல. லோகன்கிட்ட கேட்டு ஏதாவது ஒரு படம் போட்டு வெச்சிடும்மா," என்றார்.

ஏதாவது ஒரு படம். மேடத்துக்கு எவ்வளவு தெரியும் என்று குமுதாவால் கணிக்கமுடியவில்லை. தெரிந்து சொன்னாரா, தெரிந்துகொள்ளக் கூடாது என்று சொன்னாரா?

அன்று நோட்டில் தவறு என்ற இடத்தில் வெகுநேரம் ஒன்றும் எழுதவில்லை. கடைசியில், 'ஓர் அழைப்பில் வாடிக்கையாளர் பெயரைத் தவறாகத் தட்டச்சு செய்தேன்' என்று எழுதினாள். அது உண்மைதான். ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம், அலுவலகத்துக்குப் பின்சந்தில் இருக்கும் ஒட்டுக்கடையில் லோகனைப் பிடித்தாள். பால் கலக்காத ஐஸ் தேநீர், தே ஓ ஐஸ், முன்னால் இருக்க, ஒரு காலைச் செருப்பிலிருந்து எடுத்து மற்றக் காலின்மேல் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"வாங்க, சிறந்த இணை. பட்டுச் சேலையா, இல்ல மேடம் காசுல வாடகைச் சேலையா?"

"வெள்ளிக்கெழமை போனீங்களாண்ணே?"

"எங்க?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

அவன் உறிஞ்சுகுழலால் பனிக்கட்டியைக் குத்தினான். "பாதி வழில வீட்லேர்ந்து போன். சின்னவளுக்குச் சொரம், வாந்தி. திரும்பிட்டேன். காலைல மொத வேலையா போயிடலாம்னு இருந்தேன். விடிய விடிய அவளத் தூக்கிக்கிட்டு நடந்தேன், கண்ணசந்துட்டேன். போய்ச் சேர்ந்தப்ப பதினோரு மணி. ஒரு ரீசெட், ஓடுச்சு."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? கட்டைவெரல் எதுக்கு அனுப்பினீங்க?"

"பழக்கம் லா. மெசேஜ் வந்தா வெரல் தானா போவுது. நீ படம் கேட்டியா, சாப்டியான்னு கேட்டியான்னுகூட நான் பார்க்கல."

"அந்த ஆன்டி கழுத்துல கொழாயோட கெடக்காங்க."

"கேள்விப்பட்டேன்." காலைத் திரும்பச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டான். "நான் ஒண்ணும் மிருகமில்ல, குமு. நேத்து வேலை முடிஞ்சு திரும்பவும் போய்ப் பார்த்தேன். கதவுப் பூட்டுல இருக்கற சுவிட்ச் தேஞ்சு போச்சு. எத்தனை தடவ ரீசெட் பண்ணினாலும் நிக்கும். ஷா ஆலம் ஸ்டோர்ல புதுசு கெடக்கு, காலைல கேட்டா மத்தியானம் வந்துடும். ஆனா கேக்க முடியாதே."

ஏன் என்று அவள் கேட்கவேண்டியதில்லை. சியாப் ஆகி, நல்ல நட்சத்திரமும் வாங்கிவிட்ட மின்தூக்கிக்கு, புதுப் புகார் வந்தாலும், ஒரு மாதத்துக்கு உதிரிப்பாகம் கேட்டால் தலைமையகம் மறுத்துவிடும். கேட்கவேண்டுமானால் அந்த வேலையை மறுபடி திறக்கவேண்டும். திறக்கும் பொத்தான் அவள் திரையில்தான் இருக்கிறது. ஆனால் அழுத்தினால் காரணம் எழுதச் சொல்லும். எழுதினால் யார் படம் இல்லாமல் மூடினார், யார் போகாமல் நட்சத்திரம் வாங்கினார் என்பது தலைமையகம் வரை போகும். நட்சத்திரங்கள் திரும்பிப் போகும்.

"தெறந்தா நான் நாலாவது," என்றான் லோகன். "மாசக் கடைசில வீட்ல. பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க, மாமியார் வீட்டு மூணாவது ரூம். நீ டிப்ளோமா படிக்கிற பொண்ணு, எங்கயாவது போயிடுவ. வெள்ளிக்கெழமை வரைக்கும் பொறு. மூணு நாள். அப்பறம் நானே புது கம்ப்ளேன் போட்டு, நானே என்னத்தையாச்சும் பண்ணிச் சரி பண்றேன்."

"வியாழக்கெழமை வராங்கண்ணே."

"நான் போயி நிக்கிறேன். கூடவே மேல கூட்டிட்டுப் போறேன். போதுமா?"

"சனிக்கெழமை காலைல? திங்கக்கெழமை? நடுவுல மாட்டிக்கிட்டா?"

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "யாரு கேட்டா உன்ன? அந்த அக்காவே தன்மேல பழியப் போட்டுக்கிட்டுப் போயிடுச்சு. மேடம் சும்மா இருக்காங்க. நீ மட்டும் ஏன் லா கெடந்து குதிக்கற?"

குமுதா கைப்பையைத் திறந்தாள். அவன் தே ஓவுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள்.

புதன்கிழமை மாலை வகுப்பில் பாடம் ஊழியர்களைப் பாராட்டுவதைப் பற்றியது. பாராட்டு எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது, ஆண்டுக் கடைசியில் கொடுக்கும் கேடயத்தை விட அன்றே சொல்லும் ஒரு நன்றி மேல் என்று திரையில் வரிகள் வந்தன. குமுதா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். தப்பாக ஒன்றும் இல்லை. இரண்டு ஆண்டு யாரும் நன்றி சொல்லாமல் உட்கார்ந்திருந்தவளுக்கு அது தப்பு என்று எப்படித் தோன்றும்? ஆனால் மாதவி கொடுத்த ஐந்தும் உடனே வந்ததுதான். நின்றுபோன ஒரு மின்தூக்கி, வழியிலேயே திரும்பிவிட்ட ஒரு வேன், இரண்டுக்கும் முன்னால் அது வந்து சேர்ந்துவிட்டது.

அப்போது மேசைமேல் கைப்பேசி மணி அடித்தது.

அந்தச் சத்தம் கேட்டதும் அவளுக்கு உள்ளே என்னவோ மலர்ந்தது. யார், எதற்கு என்று பார்ப்பதற்கு முன்பே. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் திரும்பிப் பார்த்து, "எப்பப் பார்த்தாலும் உங்களுக்குத்தான்" என்று முணுமுணுத்தாள். குமுதா அதற்கும் புன்னகைத்தாள்.

லோகன் அந்த வார மொய்யை அவளுக்கே வைத்திருந்தான். காரணம்: 'நல்ல தங்கச்சி.'

புன்னகை முகத்தில் இருக்கும்போதே அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே வந்து மாடிப்படியில் நின்றாள். கீழே தெருவில் ஒருவன் முறுக்குப் பொட்டலங்களை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். அந்த நட்சத்திரத்தை வாங்கிக்கொண்டுவிட்டோம் என்று நினைத்தாள். வேண்டாம் என்று சொல்ல அந்தச் செயலியில் வழியில்லை. திருப்பி வைக்கத்தான் வழி இருக்கிறது.

இன்னும் கொஞ்ச நேரம் யோசித்தால் யோசித்துக்கொண்டே இருந்துவிடுவோம் என்று அவளுக்கு அவளைத் தெரியும். லோகனைக் கூப்பிட்டாள். பின்னால் ஒரு குழந்தை பாட்டுப் பெட்டியைக் கேட்டு அழுதுகொண்டிருந்தது.

"அண்ணே, நாளைக்குக் காலைல செந்தூல் வேலையைத் தெறக்கப் போறேன். மத்தவங்க சொல்லி நீங்க கேக்கக் கூடாது, அதான் கூப்பிட்டேன்."

ஒரு கதவு சாத்தும் ஓசை கேட்டது; அழுகை தூரமானது.

"என்னன்னு எழுதப் போற?"

"படம் வராம நான் மூடினேன்னு."

"என் பேரைப் போடாத குமு."

"பேர் அதுலயே இருக்குண்ணே. நான் தனியா போடணும்னு இல்ல. பொண்ணுக்குச் சொரம்னு திரும்பினாருன்னு மட்டும் எழுதறேன். அது உண்மைதானே?"

"உண்மைய வெச்சு யாரு என்ன பர்மனன்ட் பண்ணப் போறா?"

"தெரியலண்ணே."

"மொய் வெச்ச கையிலயே..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. அழைப்பு துண்டானதா, அவன் துண்டித்தானா, அவளுக்குத் தெரியவில்லை. மறுபடி கூப்பிடலாமா என்று நினைத்தாள். கூப்பிட்டு என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்டால் திறக்காதே என்பான். கூப்பிடவில்லை.

வகுப்புக்குத் திரும்பிப் போகாமல் சென்ட்ரலுக்கு நடந்தாள். ரயிலில் கூட்டம் குறைவு. எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள், நோன்பு திறந்த மிச்சமாக இருக்கும், ஒரு பேரீச்சம்பழத்தை நீட்டினார். வாங்கிக்கொண்டாள். அங்காசாபுரி தாண்டும்வரை நோட்டை எடுக்கவில்லை. எடுத்தபோது முதலில் வெள்ளிக்கிழமைப் பக்கத்துக்குப் போய், அம்புக்குறி போட்டுச் சேர்த்த அந்தச் சொல்லின்மேல் ஒரு கோடு போட்டாள். கோடு கொஞ்சம் கோணலாக விழுந்தது.

லோகன் வீட்டுச் சின்னவளின் முகத்தை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள், தீபாவளி விருந்தில். ராஜம்மாவைப் பார்த்ததே இல்லை. முகம் தெரியாத ஒருவருக்காக முகம் தெரிந்த ஒருவரை விடுகிறோமோ என்ற கேள்வி சுபாங் ஜெயா வரைக்கும் கூடவே வந்தது. காலையில் மனம் மாறிவிடும் என்ற பயமும் கூடவே வந்தது. அதனால் ஷா ஆலம் வருவதற்குள் எழுதி முடித்தாள்.

19 மார்ச் 2025, புதன்

இன்றைய தவறு: திங்களும் செவ்வாயும் பொத்தான் என் கைக்கெட்டும் இடத்தில் இருந்தும் அழுத்தவில்லை. இன்று மணிச் சத்தம் கேட்டதும் சந்தோஷப்பட்டேன்.

நாளைய வேலை: ஒரு ரயில் முன்னதாகப் போவது. தொலைக்காட்சியைப் போடுவதற்கு முன் செந்தூல், பி புளோக், இரண்டாம் மின்தூக்கி வேலையை மறுபடி திறப்பது. கதவுப் பூட்டு சுவிட்ச் கேட்டு ஷா ஆலம் ஸ்டோருக்கு எழுதி, கிஷனையோ யாரையோ மத்தியானத்துக்கு அனுப்புவது. சுவிட்ச் மாட்டிய படம் கைக்கு வந்து, அதை நான் பார்த்த பிறகு, மாதவி அக்காவைக் கூப்பிடுவது.